காலைக் காணோம்

மாமா சென்னைக்கு வந்தது கண் ஆபரேஷனுக்கு. வலது கண்ணில் புரை. லென்ஸ் வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, சொட்டு மருந்துப் பையைக் கையில் கொடுத்து, "குனிஞ்சு எதையும் தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, டிவி அளவாப் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். மூன்றாவதில் 'அளவா' மட்டும் அவர் காதில் விழவில்லை. ஒரு மாதத்துக்கு எங்கள் ஹால் சோபாவின் இடது மூலை அவருடையது. ரிமோட்டும் அவருடையது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர். இளவட்டத்தில் கபடி ஆடியவர். முட்டி போன பிறகு இருபது வருஷம் போல அந்த வட்டாரத்துப் போட்டிகளில் கோட்டு அம்பயராக நின்றவர். கோயில் கொடை, பொங்கல் என்றால் தாமிரபரணிக் கரை ஊர்களில் கபடி இல்லாமல் இருக்காது. ட்யூப் லைட் கட்டி, சுண்ணாம்புப் பொடியில் கோடு இழுத்து, ராத்திரி தொடங்கினால் விடிந்துதான் கோப்பை கொடுப்பார்கள். அந்த வெளிச்சத்தில் மாமாவின் வேலை ஒன்றே ஒன்றுதான்: கோட்டையும் காலையும் பார்ப்பது. போனஸ் புள்ளி எப்படி விழும் என்று கபடி பார்க்கிறவர்களுக்குத் தெரியும். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, ரெய்டு போகிறவன் ஒரு காலை போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்ற வேண்டும். அந்த நொடியில் மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பின்னங்கால் பெருவிரல் மண்ணில் லேசாக உரசிக்கொண்டிருந்தாலும் புள்ளி கிடையாது. சுற்றி நிற்கிற ஊர் முழுக்க "போனஸ்! போனஸ்!" என்று கத்தும். மாமா தலையை நிமிர்த்தாமலேயே கையை ஆட்டி இல்லை என்பார். "எவன் கத்துதான்னு நிமிந்து பாத்தா முடிஞ்சிது மருமவனே. அடுத்த கால் போயிரும்" என்பார்.

"எனக்கு அந்தப் பயலுவ மூஞ்சி பாதிப் பேருக்குத் தெரியாது. காலப் பாத்தா ஆளச் சொல்லிருவேன்" என்றும் ஒருமுறை சொன்னார். பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது அவருடைய நோய் என்று இந்த ஒரு மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

கோட்டு அம்பயரும் ஞாயிற்றுக்கிழமையும்

ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் டான்ஸ் நிகழ்ச்சி ஓடும். எந்தச் சேனல் என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே மாவில் சுட்ட தோசை. அன்றைக்கு ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. பையன் அந்தப் பெண்ணைத் தோளுக்கு மேலே தூக்கி, சுற்றி, வீசிப் பிடித்து, தானும் எம்பிக் குதித்தான். அவன் அந்தரத்தில் இருக்கும்போதே காட்சி மாறி, நடுவர் ஒருவர் வாயில் கை வைத்தபடி அதிர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்கள். அடுத்து, பார்வையாளர் வரிசையில் பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து, தொகுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்ப மேடைக்கு வந்தபோது இரண்டு பேரும் போஸ் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"காலக் காட்டுல!" என்று மாமா டிவியைப் பார்த்துக் கத்தினார். நான் காபியைச் சிந்திக்கொண்டேன்.

"எம்பிக் குதிச்சானே, எங்கல எறங்குனான்? எந்தக் கால்ல எறங்குனான்? அதக் காட்டாம அந்தம்மா வாயப் பொத்துனத எதுக்குல காட்டுதான்?"

"மாமா, இது கபடி இல்ல."

"எதா இருந்தா என்ன? தரையில நடக்கதுதானே."

நடுவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பெரிய எண்ணைத் தூக்கிக் காட்டினார்கள். மாமா பத்துக்கு நாலு போட்டார். அந்தப் பெண் இரண்டு இடத்தில் கால் மாற்றிவிட்டாளாம். நான் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்ன இரண்டு இடத்திலும் இடுப்புக்குக் கீழே எதுவுமே திரையில் இல்லை. "இல்லாத காலுக்கு எப்படி மாமா மார்க் போட்டீங்க?" என்றேன். "தோளப் பாத்தேன். கால் தப்புச்சுன்னா தோளு காட்டிக்குடுத்துரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் வம்புக்கென்றே போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து வைத்துக்கொண்டேன். பாதம் தரையோடு சேர்ந்து தெரிகிற நேரத்தை மட்டும் கணக்கெடுப்பது என்று ஒப்பந்தம். மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடிய ஓர் ஆட்டத்தில் நாற்பது நொடிகூடத் தேறவில்லை. அதிலும் பாதி, மேலே பறக்கிற ஜிப் கேமரா எடுத்தது. கால் தெரிந்தது, எறும்பு போல.

நான் ஒன்றும் நேற்று டான்ஸ் நிகழ்ச்சி பார்க்க ஆரம்பித்தவன் இல்லை. 2006-இல் விஜய் டிவியில் 'ஜோடி நம்பர் ஒன்' தொடங்கியதிலிருந்து, அடுத்த வருஷம் கலைஞர் டிவி 'மானாட மயிலாட'வோடு வந்ததிலிருந்து, எல்லாம் பார்த்தவன். எஸ்.எம்.எஸ். ஓட்டுப் போட்டு மாதக் கடைசியில் பேலன்ஸ் இல்லாமல் நின்றவன். எனக்கென்று திடமான கருத்துகள் இருந்தன. யாருக்கு அநியாயம் நடந்தது, யார் வைல்டு கார்டில் வந்திருக்கவே கூடாது என்று ஆபீஸில் அரை நாள் பேசுவேன். 2008-இல் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா'வில் ஆடிய சாய் பல்லவி, பத்து வருஷம் கழித்து அதே பிரபுதேவா நடனம் அமைத்த 'ரௌடி பேபி' பாட்டில் ஆடினார். அந்தப் பாட்டு 2020-இல் யூடியூபில் நூறு கோடி பார்வையைத் தாண்டியபோது, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லித் திரிந்தேன். அப்போது நான் எதுவுமே சொல்லவில்லை என்பது வேறு விஷயம். மாமாவிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை பேசாமல் பார்த்துவிட்டு, "இதுல காட்டுதான் பாத்தியா" என்றார். ஆமாம், காட்டுகிறார்கள். பார்க்கப் பார்க்க அலுக்காததற்கு அதுதான் காரணமோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் தோன்றியது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

சுண்ணாம்புக் கோடு

என் கட்சி வேறு. விளையாட்டில் கால் முக்கியம், ஏனென்றால் அதில் கோடு இருக்கிறது. நடனத்தில் எந்தக் கோடு? பார்க்கிறவன் மனசுக்குப் பிடித்திருந்தால் சரி. மாமாவை இப்படித்தான் மடக்கப் பார்த்தேன். அதற்குக் கிரிக்கெட்டை இழுத்தது என் தப்பு.

கிரிக்கெட்டில் காலை எப்படிக் காட்டுவார்கள் என்று நமக்குத் தெரியாதா? 2016 மார்ச் 31, வான்கடே. டி20 உலகக் கோப்பை அரையிறுதி. நம் அஸ்வின் போட்ட பந்தில் சிம்மன்ஸ் கேட்ச் கொடுத்து, பும்ரா பிடித்து, நான் இங்கே நாற்காலியில் ஏறி நின்றுவிட்டேன். அப்புறம் திரையில் ஒரே ஒரு பாதம். கோட்டுக்குப் பின்னால் குதிகால் துளிகூட இல்லை. நோ பால். அப்புறம் பாண்டியா பந்திலும் அதே சிம்மன்ஸ், அதே கேட்ச், அதே நோ பால். 82 அடித்து அவுட்டாகாமல் நின்று, 192 எடுத்திருந்த நம்மை வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருஷம் ஓவலில் சாம்பியன்ஸ் டிராபி இறுதி. பும்ராவின் பந்தில் ஃபகர் ஸமான் 3 ரன்னில் கீப்பரிடம் மாட்டினார். மறுபடியும் பாதம், மறுபடியும் கோடு. அவர் 114 அடித்தார். அந்தப் படத்தை எடுத்து, சிக்னலில் கோட்டைத் தாண்டாதீர்கள் என்று ஜெய்ப்பூர் போக்குவரத்துப் போலீஸ் விளம்பரம் போட்டதும், அதற்குப் பும்ரா வருத்தப்பட்டதும் ஞாபகம் இருக்கும். இந்த ஆட்டங்களைப் பற்றி நினைத்தாலே எனக்குப் பந்து வீசியவர்களின் முகம் வராது, ஷூதான் வரும். ஒரு செருப்பின் குதிகால் அளவு இடத்தை நிறுத்தி, பெரிதாக்கி, முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டுவார்கள்.

"அப்ப கேமராக்காரனுக்குக் காலக் காட்டத் தெரியும். டான்சுல மட்டும் வேணும்னே காட்ட மாட்டங்கான்" என்றார் மாமா. இந்தத் திருப்பத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

விடாமல் சினிமாவுக்குத் தாவினேன். சினிமாவில் யார் மாமா கால் பார்க்கிறார்கள்? 'காதலன்' படத்தில் 'முக்காலா' கடைசியில் பிரபுதேவாவின் உடம்பே மறைந்து உடுப்பு மட்டும் ஆடியது, 1994-இல் தியேட்டரில் விசில் நிற்கவில்லை, படத்துக்குச் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதே கொடுத்தார்கள் என்றேன். "உடம்பு இல்லாமலே அது பிரபுதேவான்னு உனக்கு எப்படிலே தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

'கில்லி' பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதினால் என்னை அடிக்க வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் அது திரும்பத் தியேட்டருக்கு வந்தபோது நாற்பது தாண்டிய நாங்கள் ஆறு பேர் முதல் நாளே போய் ஆடிவிட்டு வந்தோம். மாமா இருந்த மாதம் அது டிவியில் வந்தது (எந்த மாதம்தான் வராது). கடைசி ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட்டு, "படம் நல்லாருக்கு. கபடி எங்க?" என்றார். கோட்டை ஒழுங்காகக் காட்டாமல் ரெய்டு எடுப்பது, கிணறே இல்லாமல் நீச்சல் எடுப்பது போல என்பது அவர் கட்சி. கைதட்டல், விசில், மூச்சு வாங்குகிற முகம், முறைக்கிற கண். "ஆட்டத்த நாமளா நெனைச்சுக்கிடணும்."

அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. 1958. பத்மினியும் வைஜயந்திமாலாவும். பி.எஸ். வீரப்பா சொன்ன "சபாஷ், சரியான போட்டி" நமக்குத் தெரியும். அந்த வரி இன்றைக்குத் தெருச்சண்டைக்குக்கூடப் பயன்படுகிறது. ஆனால் அந்தப் பாட்டை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மாமா பார்க்கவைத்தார். உச்சி முதல் பாதம் வரை இரண்டு பேரையும் நிறுத்தி, சும்மா ஆட விட்டிருக்கிறார்கள். யார் ஜெயித்தது என்று படம் சொல்லவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலாகத் தீர்ப்பு நம் கையில் இருக்கிறது என்றால், நாம் தீர்ப்புச் சொல்வதற்கான சாட்சியத்தை அவர்கள் காட்டியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எங்கள் வீட்டில் அம்மா பத்மினி கட்சி, மாமா வைஜயந்தி கட்சி. அக்காளும் தம்பியும் இதற்காக ஒரு பொங்கலுக்குப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு வருகிற டான்ஸ் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி இரண்டு பேர் அறுபது வருஷம் சண்டை போட முடியுமா என்று தெரியவில்லை. போட்டாலும் யார் அழுதது உண்மை, யார் அழுதது நடிப்பு என்றுதான் போடுவார்கள்.

மூன்று நிமிஷம், நாற்பது நொடி

இதெல்லாம் பேச்சு. அரட்டை. மாமா ஊருக்குப் போனால் மறந்துபோயிருக்கும். மறக்க முடியாமல் செய்தது நானே எடுத்த ஒரு வீடியோ.

என் மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வருஷமாகப் பரதம் கற்கிறாள். அவள் டீச்சர் வருஷா வருஷம் பிள்ளைகளை மேடை ஏற்றுவார். இந்த வருஷம் முதல்முறையாக அவளுக்குத் தனி ஆட்டம். திஸ்ர அலாரிப்பு, பரதத்தில் முதலில் ஆடுகிற உருப்படி. அதற்காக மூன்று மாதம் வீடு வீடாகவே இல்லை. முட்டியை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்துகொண்டே பல் தேய்ப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தட்டடவு தொடங்கினால், தெய்யா தெய், தெய்யா தெய், முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். வேகம் உச்சத்துக்குப் போகிற மூன்றாம் காலத்தில் கீழ் வீட்டு ஷோகேஸ் கண்ணாடி அதிர்கிறது என்று இரண்டு முறை புகார் வந்துவிட்டது. அந்த அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறார். நாங்கள் தரையில் கம்பளம் விரித்துப் பார்த்தோம். "கம்பளத்துல ஆடினா சத்தமே வரலப்பா, தப்பா போடறேனான்னே தெரியல" என்று சொல்லி அவள் அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நிகழ்ச்சி மாமாவுக்கு ஆபரேஷன் ஆன பத்தாம் நாள். கூட்டம், தூசி, மேடை விளக்கு. வர வேண்டாம் என்று நாங்களே தடுத்துவிட்டோம். புறப்படும்போது என்னைக் கூப்பிட்டார். "பிள்ள ஆடுததப் புடிச்சிட்டு வா. முழுசாப் புடி." கையில் ஐந்நூறு ரூபாய் திணித்தார், அவளுக்கு ஏதாவது வாங்கித் தரச் சொல்லி.

மாம்பலத்தில் ஒரு சின்ன அரங்கு. எனக்கு முன்னால் இரண்டு வரிசை முழுக்க அம்மாக்களின் தலைகள், அந்தத் தலைகளுக்கு மேலே போன்கள். நான் ஓரத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். திரை விலகியது. கைகளைத் தலைக்கு மேலே கூப்பி அசையாமல் நின்றாள். அலாரிப்பு எப்படித் தொடங்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் கண் மட்டும் அசையும். அப்புறம் கழுத்து. அப்புறம் தோள், கை. மொட்டு விரிகிற மாதிரி அசைவு மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில்தான் உடம்பு முழுக்க ஆடத் தொடங்கும். நான் கண்ணைப் பிடிக்க வேண்டும் என்று ஜூம் பண்ணினேன். மை தீட்டிய அந்தக் கண் இடமும் வலமும் போனது. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. மேலுதட்டில் வியர்வை. பிறந்த அன்றைக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது பார்த்த அதே முகம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த முகத்தை விட்டு என் விரல் நகரவில்லை. அவள் எங்கே போனாலும் போனோடு அந்த முகத்தைத் துரத்தினேன். கைதட்டல் கேட்ட பிறகுதான் முடிந்துவிட்டது என்றே புரிந்தது. 3 நிமிஷம், 40 நொடி.

வீட்டுக்கு வந்து, அலங்காரம் கலைக்காமல் அவள் சோபாவில் மாமா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் போனை டிவியோடு இணைத்தேன். மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு முன்னால் சரிந்து உட்கார்ந்தார். புது லென்ஸ் வைத்த கண்ணால் பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்கப் போகிற மனிதர்.

திரை முழுக்க முகம். "ராசாத்தி மாதிரி இருக்கா" என்றார். ஒரு நிமிஷம் போனது. சொற்கட்டு ஒலிக்கிறது, தாளம் ஒலிக்கிறது, சலங்கை ஒலிக்கிறது. திரையில் முகம். மேலே போகிறது, கீழே வருகிறது, ஓரத்துக்குப் போகிறது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வரும் மாமா" என்றேன். வரவில்லை. நடுவில் ஓர் இடத்தில் முகம் அப்படியே கீழே இறங்கித் திரையை விட்டே போய்விட்டது. நீலத் திரைச்சீலையும், அட்டையில் வெட்டி ஒட்டிய நடராஜரின் பாதி ஜடையும் மட்டும் தெரிகின்றன. சலங்கை மட்டும் கேட்கிறது. ஆறேழு நொடி. அதற்குள் முழுமண்டியில் உட்கார்ந்து, பக்கவாட்டில் காலை நீட்டி, எழுந்திருக்கிறாள். அதைத்தான் மூன்று மாதம் செய்து பார்த்தாள். அந்த ஆறேழு நொடிக்காகத்தான் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கினாள். நான் பிடித்திருந்தது அட்டை நடராஜர்.

"அப்பா" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் குறை சொல்லாத குரலில், "நான் ஆடினது இதுல இல்ல" என்றாள்.

'சலங்கை ஒலி'யில் கமல் ஒவ்வொரு நிலையாக நிற்க, அந்தப் பொடிப் பையன் தப்பான நேரத்தில் பார்த்துப் பார்த்துக் கிளிக் பண்ணுவானே, அதைப் பார்த்து எத்தனை முறை சிரித்திருப்பேன். அவனாவது சின்னப் பையன்.

மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், "திரும்ப மொதல்லேருந்து போடு" என்றார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் சொல்லி ஒரு நாளும் மூடாத கண். 3 நிமிஷம் 40 நொடி, சலங்கையை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "நல்லாத்தான் ஆடிருக்கா" என்று அவள் தலையில் கை வைத்தார்.

முகம்

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை நாள் டான்ஸ் நிகழ்ச்சி எடுக்கிறவர்களை நாங்கள் திட்டியது, ஏதோ அவர்கள் சோம்பேறிகள் அல்லது ரசனை கெட்டவர்கள் என்பது போல. என்னைக் கேமரா முன்னால் தள்ளியபோது நானும் அதையேதான் செய்தேன். எனக்கு வேண்டியிருந்தது நடனம் இல்லை, என் பிள்ளை. பிள்ளை முகத்தில் இருக்கிறாள், காலில் இல்லை. அந்த நிகழ்ச்சிக்காரர்களுக்கும் அதேதான் வேண்டும்; அங்கே ஆடுகிற ஒவ்வொருவனும் நமக்குப் பிள்ளையாகிவிட வேண்டும். அதற்குத்தான் ஆட்டத்துக்கு முன்னால் அவன் வீட்டைக் காட்டுகிறார்கள், ஓட்டுக் கூரையைக் காட்டுகிறார்கள், ஆட்டோ ஓட்டுகிற அப்பாவைக் காட்டுகிறார்கள். காலைக் காட்டினால் மாமாவைப் போல நாலு போட்டுவிடுவோம். முகத்தைக் காட்டினால் ஓட்டுப் போடுவோம். பெற்ற பிள்ளைக்கு யாராவது நாலு போடுவார்களா?

சரி, முகத்துக்கு ஒன்றுமே இல்லையா என்றும் யோசித்தேன். குகேஷ் உலகச் செஸ் பட்டத்துக்காக 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் ஆடிய கடைசி ஆட்டத்தை ஆபீஸில் ஒளித்து வைத்துப் பார்த்தேன். எனக்குச் செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பது வரைதான் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தது தப்பு என்று எனக்குச் சொன்னது பலகை இல்லை, குகேஷின் முகம். ஒரு நொடி அந்தக் கண் விரிந்தது, அவ்வளவுதான். பதினெட்டு வயதுப் பையன் அதை அடக்கப் பார்த்ததும், முடிந்தபின் அடக்க முடியாமல் அழுததும் பலகையில் இருந்ததைவிடப் பெரிய ஆட்டம் எனக்கு. என் மகளின் டீச்சரும், கை போகும் இடத்தில் கண், கண் போகும் இடத்தில் மனம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார். ஆகவே முகம் பொய் என்று சொல்ல வரவில்லை.

தோனி ரன் அவுட்டைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். 2019 ஜூலை 10, மான்செஸ்டர். முதல் நாள் மழையில் நின்று மறுநாள் தொடர்ந்த உலகக் கோப்பை அரையிறுதி. 240 துரத்தி, முதல் மூன்று பேரும் ஆளுக்கு 1 ரன்னில் போய், ஜடேஜா 77 அடித்துத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய், 49-ஆவது ஓவரில் கப்டில் எறிந்த அந்த எறி. அதைப் பற்றி இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். எனக்கு அதில் ஞாபகம் இருப்பது பெவிலியனுக்குத் திரும்பும்போது அவர் முகம், அந்த இறுகிய தாடை. மாமாவிடம் மறுநாள் காலை கேட்டேன், தோனி ரன் அவுட் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி, "பாயலையே அவன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தோனியே ஆறு மாதம் கழித்து ஒரு பேட்டியில் அதைத்தான் சொன்னார்: அந்த இரண்டு அங்குலம், ஏன் பாயவில்லை என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. நான் அவர் முகத்துக்காக அழுதேன். அவரும் மாமாவும் இரண்டு அங்குலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக மாமா கட்சிக்கு மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கால் தப்பியதற்கு நாலு மார்க் போடுகிற மனிதருக்கு எதிலும் மனசாரக் கைதட்டத் தெரியுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது டான்ஸ் நிகழ்ச்சி பார்க்கும்போது, நடுவரின் முகம் வந்ததும் என் கண் தானாகத் திரையின் கீழ் ஓரத்தைத் தேடுகிறது. பாதி சந்தோஷம் போய்விட்டது. இதற்கு மாமாதான் பொறுப்பு.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மூன்றாவது புகார் வந்தது. மகள் அடுத்து ஜதீஸ்வரம் தொடங்கியிருந்தாள். இன்டர்காமில் கூப்பிட்டு, கொஞ்சம் கீழே வந்துவிட்டுப் போக முடியுமா என்றார் கீழ் வீட்டு அம்மா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். "நீ இரு, நான் போய்ப் பேசிட்டு வாரேன்" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம். சண்டை ஆகிவிடுமோ என்று பயந்துகொண்டே விட்டேன்.

முக்கால் மணி நேரம் ஆள் வரவில்லை. வந்தபோது வாயில் காபி மணம்.

"என்ன மாமா, ஷோகேசா?"

"ஷோகேசு எல்லாம் இல்ல. அந்தம்மா அதுல இருந்த பீங்கான எடுத்து உள்ள வச்சிட்டாவளாம்." உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு பூரிப்பு. "பிள்ள தெனமும் ஒரே எடத்துல நின்னு நின்னு போவுதாளாம். நல்லா வந்துட்டே இருக்கும், அந்த எடம் வந்ததும் ஒரு தட்டு கொறையுதாம். திரும்ப மொதல்லேருந்து, திரும்பக் கொறையுது. அந்தம்மாவுக்கு ராத்திரி படுத்தா அந்தக் கொறையுத தட்டு காதுல கேட்டுக்கிட்டே இருக்காம். அதச் சரி பண்ணச் சொல்லுங்கன்னு கூப்ட்ருக்காவ."

உள்ளறையில் சலங்கைச் சத்தம் நின்றது. மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சலங்கையைக்கூட அவிழ்க்கவில்லை.

"எந்த இடம்னு சொன்னாங்களா தாத்தா?"

"கையால மேசையில தட்டிக் காட்டுனாவ. எனக்குத் திரும்பத் தட்ட வரல."

அவள் ஒரு நொடி நின்றாள். அப்புறம் அப்படியே, காலில் சலங்கையோடு, படியிறங்கிப் போனாள்.